குளிர்களி அரசி அக்னஸ் மார்ஷல் அம்மையார்

உலகத்துப் பெருமக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசரையும் படைத்தலைவரையும் புலவரையும் அறிஞரையுமே நாடிச் செல்வர். அடுக்களையில் நின்று அறிவு வளர்த்தோர் அவ்வரிசையில் இடம்பெறுதல் அரிது. உணவு உண்டவுடன் மறைந்துவிடுகிறது. சமைத்தவரின் பெயரும் பெரும்பாலும் அதனோடு மறைந்துவிடுகிறது. அவ்வாறு மறைந்துபோய், பல பத்தாண்டுகள் எவராலும் நினைக்கப்படாதிருந்து, பின்னர் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே கூற முனைகின்றோம். விக்டோரியா மகாராணியார் காலத்து இலண்டன் மாநகரிலே குளிர்களிகளின் அரசி எனப் போற்றப்பட்ட அக்னஸ் பேர்த்தா மார்ஷல் அம்மையாரே அவர்.

இன்று குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டிலே ஒரு சிறுமிகூடப் பழத்தைப் பிசைந்து, சீனிப்பாகு சேர்த்து, உறையவைத்துச் சுவைத்துவிடலாம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே செயல் பெருஞ்செல்வர் மாளிகைகளில் மட்டுமே நிகழ்ந்த ஓர் அரிய வித்தை. அவ்வித்தையின் கதவைத் திறந்து, சாதாரண இல்லத்தரசியும் உள்ளே வரலாம் என்று அழைத்தவர்களுள் முதன்மையானவர் இவ்வம்மையார். அவருடைய வாழ்வின் பொருள் இதுவே.

கனியும் பனியும்

கனிச்சாற்றை உறையவைத்துச் செய்யும் குளிர்களிக்கு ஐரோப்பியர் சோர்பே என்று பெயரிட்டனர். இச்சொல் நமக்கு அந்நியமானதன்று. நாம் வழங்கும் சர்பத் என்னும் சொல்லும் அதுவும் ஒரே அரபு வேரிலிருந்து கிளைத்தவை. குடிப்பதற்குரிய இனிய பானமாகக் கீழ்த்திசையில் இருந்த பொருள், மேற்றிசைக்குச் சென்று உறைந்த பண்டமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே நேப்பிள்ஸ் நகரில் வாழ்ந்த அந்தோனியோ லத்தீனி என்பவர் தமது நூலில் சோர்பே செய்முறைகளை எழுதிவைத்தார். அதன்பின் பிரான்சிலும் இங்கிலாந்திலும் இக்கலை பரவியது.

ஆயினும் பனிக்கட்டி இன்றிக் குளிர்களி இல்லை. இலண்டனுக்கு வேண்டிய பனிக்கட்டி, நோர்வே நாட்டு ஏரிகளிலிருந்து வெட்டப்பட்டுக் கப்பலேறி வந்தது. சுவிற்சர்லாந்திலிருந்து குடியேறிய கார்லோ கட்டி என்னும் வணிகர், நிலத்தின்கீழ் ஆழ்ந்த கிணறுகளை அமைத்து அப்பனிக்கட்டியைச் சேமித்து விற்றார். இதனாற் பனிக்கட்டியின் விலை குறைந்தது. தெருவோர வியாபாரிகள் சிறிய கண்ணாடிக் கிண்ணங்களிற் குளிர்களியை வைத்து ஒரு பெனிக்கு விற்றனர். ஒருவர் நக்கிய கிண்ணம் செம்மையாகக் கழுவப்படாமலே அடுத்தவர் கைக்குச் சென்றது. எனவே, தெருவில் விற்ற குளிர்களி நோய்க்கு வழியாயிற்று. மாளிகையிற் பரிமாறிய குளிர்களியோ ஏழைக்கும் நடுத்தரத்தார்க்கும் எட்டாக்கனியாயிற்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டியிருந்தது. அது, வீட்டிலேயே தூய்மையாகச் செய்துகொள்ளும் வழி.

பிறப்பும் வளர்ப்பும்

அம்மையார் 1855ஆம் ஆண்டு வால்த்தம்ஸ்ரோ என்னும் ஊரிற் பிறந்தார் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அண்மைக்கால ஆய்வாளர் பதிவேடுகளைத் துருவி ஆராய்ந்து, அவர் பிறந்தது 1852ஆம் ஆண்டு ஓகஸ்ற் 24ஆம் நாள் என்றும், இடம் இலண்டனின் ஹாகர்ஸ்ரன் பகுதி என்றும், மணவாழ்க்கைக்குப் புறம்பாகப் பிறந்த குழந்தை அவர் என்றும் காட்டியுள்ளனர். அக்காலத்து ஆங்கிலச் சமூகம் இத்தகைய பிறப்பை இரக்கமின்றி நோக்கியது. தம் இளமையைப் பற்றி அம்மையார் பிற்காலத்திலும் அதிகம் பேசாதிருந்ததற்கு இது காரணமாயிருத்தல் கூடும். குலமும் செல்வமும் துணைநில்லாத ஒரு பெண்ணுக்குக் கையிலிருந்த தொழிலே துணையாயிற்று. இங்கிலாந்திலும் ஐரோப்பாக் கண்டத்திலும் சிறந்த சமையல் வல்லுநரிடம் பல ஆண்டுகள் பயின்றதாக அவர் தம் நூலின் முகப்பிலே குறித்துள்ளார்.

1878ஆம் ஆண்டில் அல்பிரட் வில்லியம் மார்ஷல் என்பவரை அவர் மணந்தார். மக்கள் நால்வர் பிறந்தனர். 1883ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், இலண்டன் மோர்ட்டிமர் வீதியிலே மார்ஷல் சமையற் கல்லூரி திறக்கப்பட்டது. மணமான பெண் தன் பெயரிற் சொத்து வைத்திருக்கலாம் என்று விதித்த சட்டம் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்ததும் அதே 1883 ஜனவரி முதலாம் நாளிலேதான். ஒரு காலத்தின் கதவு திறந்த அதே மாதத்தில் ஒரு பெண்ணின் கல்லூரிக் கதவும் திறந்தமை நினைவிற்கொள்ளத் தக்கது.

கல்லூரி விரைவில் வளர்ந்தது. ஓராண்டுக்குள் ஒரு வகுப்பில் நாற்பது பேர்வரை கற்கலாயினர். வாரத்தில் ஐந்து நாளும் பாடங்கள் நடந்தன. பிரெஞ்சு உணவு வகைகளைக் கற்பிக்கத் தேர்ந்த ஒருவர் இருந்தார். இந்தியக் கறிகளைக் கற்பிக்க, இந்தியாவிற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஆங்கிலப் படை அதிகாரி ஒருவர் வந்தார். இல்லத்தரசியரும் அவர்தம் சமையற்காரிகளும் பயின்றனர். கல்லூரியோடு சேர்ந்து சமையற் கருவிகளை விற்கும் கடையும், பயிற்சிபெற்ற சமையலாளருக்கு வேலை தேடித் தரும் அலுவலகமும் எழுந்தன. கணவர் வணிகத்தைப் பார்த்தார். அறிவும் பெயரும் அம்மையாருடையவை.

ஒரு சிறு நூல்

1885ஆம் ஆண்டில் அம்மையாரின் முதல் நூல் வெளிவந்தது. குளிர்களிகளுக்கென்றே எழுதப்பட்ட அந்நூல் அளவிற் சிறியது. ஆனால் அதில் 177 செய்முறைகள் இருந்தன. பாலேட்டினாற் செய்யும் களிகள், நீர்க்களிகள், சோர்பேக்கள் என அவை வகுக்கப்பட்டிருந்தன. அக்காலத்து விருந்திலே சோர்பேக்குத் தனியிடம் உண்டு. அது விருந்தின் முடிவில் வருவதன்று. பல வகை உணவுக்குப் பின்னர், வாட்டிய இறைச்சி வருவதற்கு முன்னர், பாதி உறைந்த நிலையிற் சிறு கிண்ணங்களிற் பரிமாறப்படுவது. நாவின் களைப்பை நீக்கி அடுத்த உணவுக்கு ஆயத்தம் செய்வது அதன் பணி. பெரும்பாலும் அதிலே சிறிது மதுவும் சேர்ப்பர். மது சேராத எளிய கனிக்களியே வீட்டிற்கு ஏற்றதாயிற்று.

அந்நூலின் சிறப்பு செய்முறைகளின் தொகையிலன்று, தொடக்கத்தில் அமைந்த சில விதிகளிலே உள்ளது. சீனி மிகுந்தால் களி செம்மையாக உறையாது; குறைந்தாற் கல்லைப்போல் இறுகிவிடும். பனிக்கட்டி மட்டும் போதாது. அதனோடு உப்புச் சேர்த்தல் வேண்டும். அச்சில் வார்ப்பதானால் குழம்புப் பதத்தில் எடுத்தல் வேண்டும். அவ்வாறே பரிமாறுவதானால் இன்னும் இறுகவிடுதல் வேண்டும். இவை அடுக்களையிற் பல்லாண்டு நின்றவர் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தவை. ஆயின் பிறருக்குச் சொல்லாதவை. தொழில் இரகசியம் எனப் பூட்டிவைத்திருந்த அறிவை அம்மையார் சில வரிகளில் எவருக்கும் விளங்க எழுதிவிட்டார். ஆசிரியத் தொழிலின் உயிர்நாடி இதுவன்றோ!

கொட்டைக் கனிகளின் களி

பீச், அப்பிரிக்கொட், பிளம்ஸ், செரி ஆகிய பழங்கள் ஆங்கில நாட்டுக் கோடையின் செல்வங்கள். வெளியே மெல்லிய தோலும், நடுவே சதையும், உள்ளே ஒற்றைக் கல்லான கொட்டையும் கொண்டவை இவை. நமது மாம்பழமும் இவ்வகை அமைப்புடையதே. இத்தகைய கனிகளைக் களியாக்கும் முறை விக்டோரியா காலத்து அடுக்களையில் இவ்வாறு அமைந்தது. நன்கு பழுத்த கனியைப் பிளந்து கொட்டையை நீக்குவர். கடினமான பழமானால் சீனியும் நீரும் சேர்த்து மெல்ல வேகவைப்பர். பின்னர் மயிர்ச் சல்லடையில் இட்டு மரக்கரண்டியால் அழுத்தித் தேய்ப்பர். நாரும் தோலும் மேலே நிற்க, பட்டுப்போன்ற கூழ் கீழே இறங்கும். அதிற் சீனிப்பாகும் எலுமிச்சைச் சாறும் கலந்து, முற்றாக ஆறவிட்டு, உறைபொறியில் வார்ப்பர்.

கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பையும் இடித்துச் சேர்ப்பது அக்காலச் சமையலாளர் பலரின் வழக்கம். அதனாற் கசப்பு வாதுமையின் நறுமணம் களிக்கு ஏறும். அம்மணத்தைத் தரும் பொருளிலிருந்து நஞ்சான சயனைட்டும் தோன்றும் என்பதை இன்று நாம் நன்கு அறிவோம். ஆகையால் வீட்டிற் செய்வோர் கொட்டையை எறிந்துவிடுதலே நன்று. முன்னோரைப் போற்றுதல் வேறு. அவர் செய்ததனைத்தையும் கண்மூடிப் பின்பற்றுதல் வேறு.

அம்மையாரின் சீனி விதிக்குக் காரணம் யாது? தூய நீர் 0 பாகை செல்சியசில் உறையும். சீனி கரைந்த நீர் அதனினும் தாழ்ந்த வெப்பநிலையிலே உறையும். களி குளிரும்போது நீரின் ஒரு பகுதி பளிங்காகப் பிரிய, எஞ்சிய பாகு மேலும் செறிந்து உறையாது நிற்கிறது. பளிங்குகளுக்கிடையே நிற்கும் அப்பாகே களிக்கு மென்மை தருகிறது. பாகு குறைந்தால் எல்லாம் பனிக்கட்டி. மிகுந்தால் எல்லாம் சாறு. மொத்தக் கலவையில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்குவரை சீனி இருத்தல் பொருத்தம் என்பது இன்றைய கணிப்பு. 500 கிராம் பழக்கூழுக்கு 150 கிராம் சீனியையும் 150 கிராம் நீரையும் காய்ச்சி ஆற்றிச் சேர்த்தால், பழத்தின் இயற்கைச் சீனியும் கூடி ஏறத்தாழ அவ்வளவு அமையும். இனிப்பு மிக்க பழமானாற் பாகைச் சிறிது குறைத்தல் வேண்டும். அம்மையார் காலத்திற் பாகின் செறிவை அளக்கும் மிதவைக் கருவி இருந்தது. நாவை மட்டும் நம்பாது கருவியையும் பயன்படுத்துமாறு அவர் வழிகாட்டினார். குளிரில் நாவுக்கு இனிப்பு மந்தமாகவே தோன்றும். ஆதலால் உறையுமுன் சுவைத்து முடிவுசெய்தல் ஏமாற்றம் தரும்.

உப்பின் பணியும் இத்தகையதே. பனிக்கட்டியில் உப்பு விழுந்தால் அது உருகத் தொடங்கும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அருகிலுள்ள பொருளிலிருந்தே இழுக்கும். மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்புச் சேர்த்தால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை அளவுக்கும் இறங்கக்கூடும். மின்சாரம் இல்லாத அடுக்களையிற் குளிரைப் படைத்த மந்திரம் இந்த உப்புத்தான்.

பொறி செய்த பெண்மணி

நூல் வெளிவந்த அதே 1885ஆம் ஆண்டில் அம்மையாரின் உறைபொறிக்குக் காப்புரிமையும் கிடைத்தது. அக்காலத்து வழக்கமான பொறிகள் வாளிபோல் உயர்ந்து ஒடுங்கியவை. அவற்றின் நடுவிலுள்ள களியைக் குளிர் சென்றடைய நேரமாகும். அம்மையாரின் பொறியோ அகன்று ஆழங்குறைந்தது. தட்டையான பாத்திரத்தின் அடியிலே பனிக்கட்டியும் உப்பும் இருக்கும். கைப்பிடியைச் சுழற்றினாற் பாத்திரம் சுழலும். உள்ளேயுள்ள துடுப்பு அசையாது நின்று, அடியில் உறைந்ததைச் சுரண்டிப் புரட்டும். களி மெல்லிய படலமாகப் பரவி நிற்பதால் மிக விரைவில் உறைந்தது. விரைந்து உறைந்தாற் பளிங்குகள் சிறியனவாகும். பளிங்கு சிறியதாயின் நாவில் மணல்போல் உறுத்தாது. ஒரு பைந்து அளவு களி ஐந்து நிமிடத்துக்குள் ஆயத்தமாகும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. இதனை வெறும் வணிகப் பேச்செனத் தள்ளிவிடுதல் இயலாது. நூறாண்டு கழித்து அப்பழைய பொறியைப் பரீட்சித்துப் பார்த்த குளிர்களி ஆய்வாளர், இன்றைய மின்பொறிகளோடும் அது போட்டியிட வல்லது எனக் கண்டனர்.

செய்த களியை உருகாது காக்கப் பனிப்பெட்டி ஒன்றையும் அம்மையாரின் கடை விற்றது. கோபுரம், பழம், பறவை என்று பல வடிவங் கொண்ட அச்சுகளும் அங்கே கிடைத்தன. நூல் பொறியை விற்றது. பொறி பாடத்தை வேண்டியது. பாடம் நூலை விற்றது. அறிவும் வணிகமும் இவ்வாறு கைகோத்தன.

புகழின் உச்சி

1886ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உணவுக்கலைக்கெனத் தனியே ஒரு வார சஞ்சிகையை அம்மையார் தொடங்கினார். அதிலே சமையலோடு நில்லாது, அடுக்களைப் பணியாளரின் துன்பங்களையும், பெண்களுக்கு வாய்ப்புகள் பெருகவேண்டும் என்பதையும், புகைவண்டிகளில் விற்ற உணவின் இழிநிலையையும் துணிந்து எழுதினார். 1888ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பெரிய சமையல் நூல் 60,000 பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. அதில், வாதுமை மாவினாற் கூம்பு செய்து உள்ளே இனிய பண்டம் நிறைக்கும் முறை இருந்தது. 1894ஆம் ஆண்டில் எழுதிய இரண்டாவது குளிர்களி நூலில் அக்கூம்பினுள்ளே குளிர்களியே இடம்பெற்றது. உண்ணத்தகும் கூம்பு 1904ஆம் ஆண்டு அமெரிக்கக் கண்காட்சியிலே பிறந்தது என்று பலரும் நம்பிவந்த கதையை இச்செய்தி அசைத்துவிடுகிறது.

அவர் மேடையிலும் வல்லவர். நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில், உதவியாளர் சிலரோடு நின்று, ஒரு முழு விருந்தையும் சமைத்துக் காட்டி விளக்குவார். இலண்டனில் நடந்த கூட்டமொன்றுக்கு 600 பேர்வரை வந்தனர். பின்னர் பிற நகரங்களுக்கும் சென்றார். பெண்கள் பொது மேடையேறுவதே அரிதாயிருந்த காலம் அது. இலண்டனின் கிழக்குப் பகுதி ஏழைகளுக்குக் கிறிஸ்மஸ் விருந்து அளிக்கவும் அவர் மறக்கவில்லை.

1901ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் தமது சஞ்சிகையில் ஒரு வியப்பான கருத்தை அவர் வெளியிட்டார். வாயுவைத் திரவமாக்கும் பரிசோதனைகள் அறிவியல் மேடைகளிற் பேசப்பட்ட காலம் அது. அத்திரவத்தின் சில துளிகளை விட்டால், விருந்தினர் தத்தம் மேசையிலேயே குளிர்களியை உடனுக்குடன் செய்துகொள்ளலாம் என்பது அவர் எண்ணம். பல பத்தாண்டுகள் கழித்துத் திரவ நைதரசன் கொண்டு சமையலாளர் செய்யத் தொடங்கிய வேலையை, இப்பெண்மணி முன்னரே சிந்தித்திருந்தார்.

மறைவும் மறதியும்

1904ஆம் ஆண்டிற் குதிரையிலிருந்து வீழ்ந்து அம்மையார் காயமுற்றார். அதன்பின் முற்றாக நலம் பெறவில்லை. 1905ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பின்னர் என்னும் ஊரிலுள்ள தமது இல்லத்திற் காலமானார். கணவர் விரைவிலேயே மறுமணஞ் செய்தார். நிறுவனம் தொடர்ந்து நடந்தபோதும் அதனை உயிர்ப்பித்த உள்ளம் அங்கு இல்லை. 1920களின் பிற்பகுதியில் நூல்களின் உரிமை வேறொரு பதிப்பகத்துக்கு விற்கப்பட்டது. அப்பதிப்பகமோ 28 வயதில் மறைந்த இசபெல்லா பீற்றனின் புகழ்பெற்ற இல்லற நூலைப் போற்றிப் பேணிவந்தது. பீற்றனின் பெயர் வீட்டுச்சொல்லாகவே நிலைத்தது; மார்ஷலின் பெயர் தேய்ந்தது. மின்சாரக் குளிர்சாதனப் பெட்டி வந்தபின் கைப்பொறியும் மூலைக்குச் சென்றது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் உணவு வரலாற்றாளர் அவருடைய நூல்களைத் தேடியெடுத்து மறுபடியும் படித்தனர். முதற் குளிர்களி நூல் மறுபதிப்புப் பெற்றது. 1998ஆம் ஆண்டில் அவருடைய வாழ்வையும் தொழிலையும் ஆராயும் தனிநூலும் வெளிவந்தது. தாம் புதிதெனக் கருதிய பலவற்றை ஒருத்தி முன்னரே எழுதிவைத்திருந்தாள் என்பதை அப்போதே பலர் அறிந்தனர்.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. அம்மையார் குளிர்களியைக் கண்டுபிடித்தவரல்லர். சோர்பே அவருக்கு இருநூறாண்டு முந்தியது. அவர் செய்தது, அறிந்ததை ஒளியாது எழுதியமை. எழுதியதை எவரும் செய்யத்தக்க கருவியோடு கொடுத்தமை. அவருடைய பெயரை உலகம் மறந்திருந்த ஆண்டுகளிலும், பழக்கூழில் எவ்வளவு சீனி சேர்ப்பது, பனிக்கட்டியில் ஏன் உப்பிடுவது என்பவற்றை இல்லங்கள் மறக்கவில்லை. கற்பித்தவர் பெயர் மறைந்தும் கற்பித்த பொருள் மாணவர் கையில் வாழ்வது ஆசிரியர் பலருக்கும் நேர்வதே. அது குறையுமாகும், பேறுமாகும். அடுத்த கோடையிற் கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தைப் பிழிந்து, சீனிப்பாகும் தேசிப்புளியும் சேர்த்து உறையவைக்கும் இல்லத்தில், களியின் முதற் கரண்டியை வாயிலிடும்போது, மோர்ட்டிமர் வீதியிற் கைப்பிடியைச் சுழற்றிநின்ற அந்த அம்மையாரை ஒருகணம் நினைத்தல் தகும்.